எட்டு கிரவுண்டில் ஒரு முகம்: குயின்ஸ் தரையோவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மே மாதக் கடைசி வாரம். அமெரிக்காவில் கோவிட்டுக்குப் பலியானவர்கள் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில்தான் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஓர் அருங்காட்சியகத்தின் கார் பார்க்கிங்கில், தார்த்தரை முழுக்க ஒரு டாக்டரின் முகத்தை வரைந்தார்கள். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிலிருந்து வந்து, ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் வேலை பார்த்து, கோவிட்டில் மாண்டவர்களுக்கான அஞ்சலி அது. அதை மேலேயிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்க்கிறவர்களுக்கு எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு அப்படி முடியவில்லை.

ஓவியத்தின் பெயர் என்ன? அதற்கு என்ன அர்த்தம்?

'சோமோஸ் லா லூஸ்'. ஸ்பானிய மொழி. 'லா லூஸ்' என்றால் வெளிச்சம். அதில் சிக்கல் இல்லை. 'சோமோஸ்' என்பதில்தான் தமிழில் எழுதுகிறவருக்குக் கை நிற்கிறது. 'நாம் வெளிச்சம்' என்பதா, 'நாங்கள் வெளிச்சம்' என்பதா? ஸ்பானியத்துக்கு அந்தப் பிரிவு கிடையாது, நமக்கு உண்டு. 'நாம்' என்றால் கேட்கிறவரும் அதில் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே நிற்கிறார். இந்த ஓவியத்தைப் பற்றிய பாதி வாதம் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கீழே திரும்பவும் வருகிறேன்.

இன்னொரு விஷயம். இந்த ஓவியத்தை வரையச் செய்த அமைப்புகளில் ஒன்றின் பெயரும் 'சோமோஸ்'தான். முழுப்பெயர் சோமோஸ் கம்யூனிட்டி கேர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் வரும் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர்களின் கூட்டமைப்பு அது. அந்த டாக்டர்களில் பலர் தாங்களே குடியேறி வந்தவர்கள். கூடவே நின்றது 'மேக் தி ரோடு நியூயார்க்' என்ற குடியேறிகள் உரிமை அமைப்பு. இடம் தந்தது குயின்ஸ் அருங்காட்சியகம்.

முகம் யாருடையது? கற்பனையா?

கற்பனை இல்லை. டாக்டர் இடெல்ஃபோன்சோ டெக்கோ. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த குழந்தை மருத்துவர், மேலே சொன்ன கூட்டமைப்பைச் சேர்ந்தவர். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர், நோய் பரவியபோதும் வேலையை விடவில்லை. கோவிட் அவரைக் கொண்டுபோனது.

தரையில் இருப்பது முகக்கவசம் போட்ட முகம். அதனால் நமக்குக் கண்களும் நெற்றியும்தான் தெரியும். ஓர் உருவப்படத்தில் பாதி முகத்தை மறைத்து வைப்பது ஓவியனுக்குப் பெரிய இழப்பு. ஆனால் அந்த மாதங்களில் நோயாளிகள் பார்த்த டாக்டர்கள் எல்லாருமே இப்படித்தான் இருந்தார்கள். கடைசி மூச்சை விட்டவர்கள் பலரும் கடைசியாகப் பார்த்தது கவசத்துக்கு மேலே இரண்டு கண்களைத்தான்.

எவ்வளவு பெரியது?

20,000 சதுர அடிக்கு மேல். சென்னைக் கணக்கில் சொன்னால் எட்டு கிரவுண்டுக்கும் கூடுதல். ஒரு முகத்துக்கு மட்டும்.

தரையில் நிற்கிறவருக்கு ஒன்றுமே தெரியாதாமே. அப்படியானால் யாருக்காக வரைந்தார்கள்?

நல்ல கேள்வி. தெருவில் நடந்துபோகிறவர் இதன் மேலேயே நடந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கப்போவது கறுப்புத் தார், அதில் திட்டுத் திட்டாகப் பெயின்ட். புருவத்தின் நடுவில் நின்றுகொண்டு 'எங்கே முகம்?' என்று கேட்க வேண்டியதுதான்.

நமக்கு உடனே கோலம் ஞாபகம் வரும். தரையில் போடுவது, அழியப்போவது என்று தெரிந்தே போடுவது என்ற இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் கோலத்தை வாசலில் நின்று பார்க்கலாம். போட்டவளே எழுந்து, இடுப்பில் கை வைத்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். இதை அப்படிப் பார்க்க முடியாது. மேலே போக வேண்டும்.

பக்கத்திலேயே லாகார்டியா விமான நிலையம் இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த மாதங்களில் விமானத்தில் யார் இருந்தார்கள்? அமெரிக்க விமான நிலையங்களில் தினம் 20 லட்சத்துக்கு மேல் இருந்த பயணிகள் எண்ணிக்கை, 2020 ஏப்ரல் நடுவில் 1 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஆக, இந்த முகத்தைப் பார்த்தவை முக்கியமாக கேமராக்கள். அவை வழியாக உலகம் பார்த்தது.

இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அக்கம்பக்கத்து மக்களுக்காக என்று சொல்லிவிட்டு அவர்கள் பார்க்க முடியாதபடி வரைவானேன் என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அப்புறம் வேறு மாதிரி யோசித்தேன். அந்த மே மாதத்தில் கூட்டம் கூடக் கூடாது. சுவரில் வரைந்திருந்தால் ஜனங்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள், கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள், தொற்றியிருக்கும். அது போக, இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தத் தெருக்காரர்களுக்கு யார் செத்தார்கள் என்று படம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் வீட்டுச் சாவு அது. தெரியாமல் இருந்தது நகரத்தின் மற்ற பாதிக்குத்தான். அவர்களைப் பார்த்துச் சொல்வதென்றால் பெரிதாகத்தான் சொல்ல வேண்டும். அந்த வகையில் பார்த்தால் 'சோமோஸ்' என்பது 'நாங்கள்'.

ஏன் குயின்ஸ்?

ஊர்ப்பெயரில் குழப்பம் வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குயின்ஸில் 'கொரோனா' என்றே ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. நோய்க்கு அந்தப் பெயர் வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்திய பெயர். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் 1971இல் இறக்கும்வரை குடியிருந்தது அங்கேதான். பிறகு டொமினிக்கன், மெக்சிகோ, ஈக்வடார், கொலம்பியா நாட்டுக் குடும்பங்கள் வந்து நிறைந்தன. 2020 வசந்த காலத்தில் நியூயார்க் நகரிலேயே அதிகத் தொற்று பதிவான அஞ்சல் வட்டாரமாக இந்தக் கொரோனா ஆனது. விதியின் கிண்டல் என்று இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

கொரோனா, எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ் மூன்றும் ஒட்டிக்கிடக்கும் பகுதிகள். மூன்றுக்கும் பெரிய ஆஸ்பத்திரி எல்ம்ஹர்ஸ்ட் பொது மருத்துவமனை, 545 படுக்கைகள். மார்ச் கடைசியில் 24 மணி நேரத்துக்குள் 13 பேர் அங்கே இறந்தார்கள். வாசலில் பரிசோதனைக்கு விடிகாலையிலிருந்தே வரிசை நின்றது. பின்பக்கம் உடல்களை வைக்கக் குளிர்பதன லாரி நின்றது. அந்த ஆஸ்பத்திரிக்கும் ஓவியம் வரைந்த பார்க்கிங்குக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

பார்க்கிங் இருப்பது ஃப்ளஷிங் மெடோஸ் கொரோனா பூங்காவுக்குள். 1930கள் வரை அது நகரத்தின் சாம்பல் கொட்டுகிற மேடு. 1939 உலகக் கண்காட்சிக்காக அதைச் சமன் செய்து பூங்கா ஆக்கினார்கள். இன்று அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடம் அந்தக் கண்காட்சிக்காகக் கட்டியது. 1946 முதல் 1950 வரை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை கூடியதும் அதில்தான். யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் நடக்கிற மைதானமும் இதே பூங்காவில்தான். 2020இல் அதன் உள்ளரங்கில் 350 படுக்கை போட்டுத் தற்காலிக ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். சுற்றி இத்தனை நடந்துகொண்டிருக்க, பார்க்கிங் மட்டும் காலி. அருங்காட்சியகம் பூட்டியிருந்தது, கார்கள் வரவில்லை.

ஓவியர் யார்?

ஹோர்ஹே ரோட்ரிகெஸ்-ஹெராடா. 1966இல் கியூபாவில் பிறந்து, அமெரிக்காவின் நியூஜெர்சியில் வளர்ந்தவர். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் விளம்பரப் பலகைகளை இரவோடு இரவாக மாற்றிவிடும் குழுக்களில் இருந்தார். சிகரெட், மதுபான விளம்பரங்களுக்குப் பதில் கிண்டல் வாசகம் வைப்பார்கள்.

பின்னால் பார்சிலோனாவுக்குப் போய் வேறு வேலை தொடங்கினார். யாரென்றே தெரியாத சாதாரண மனிதர்களின் முகத்தைக் கட்டடச் சுவர்களில் கரித்துண்டால் பெரிதாக வரைவது. மழையிலும் காற்றிலும் அது கரைந்து போகும், அப்படியே விட்டுவிடுவார். அதையடுத்து தரைக்கு இறங்கினார். 2008இல் பார்சிலோனாவில் ஒபாமா முகம். 2013இல் பெல்ஃபாஸ்டில் ஒரு சிறுமியின் முகம், 11 ஏக்கர். 2014இல் வாஷிங்டனில் லிங்கன் நினைவிடம் பக்கத்தில் 6 ஏக்கரில் ஓர் இளைஞன் முகம். அது பல இளைஞர்களின் புகைப்படங்களைச் சேர்த்து உருவாக்கியது. இவற்றின் பக்கத்தில் குயின்ஸ் ஓவியம் சின்னது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: பெல்ஃபாஸ்டிலும் வாஷிங்டனிலும் இருந்தவை பெயரில்லாத முகங்கள், இங்கே இறந்துபோன ஒருவரின் பெயரோடு கூடிய முகம்.

இவ்வளவு பெரிய படத்தை, பக்கத்தில் நின்றால் தெரியாத படத்தை, எப்படி வரைகிறார்கள்?

நம்மூர் பேனர் ஓவியர்கள் செய்ததுதான் அடிப்படை. புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, சுவரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மாற்றுவது. நாற்பதடி கட்அவுட் வரைந்தவரும் மூக்கின் பக்கத்தில் நின்றபோது மூக்கைப் பார்க்கவில்லை, கட்டத்தைத்தான் பார்த்தார்.

ஏக்கர் கணக்கில் போகும்போது கயிறு பிடித்துக் கட்டம் போடுவதில் பிழை வரும். அதனால் செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் கருவியை வைத்துப் புள்ளிகளைக் குறிக்கிறார்கள். வாஷிங்டனில் சுமார் 10,000 மரமுளைகளை அடித்து, முளைக்கு முளை நூல் கட்டி, நிழல் விழும் இடத்தில் கறுப்பு மண்ணும் வெளிச்சம் விழும் இடத்தில் மணலும் கொட்டினார்கள். மணல் மட்டும் 2,000 டன். குயின்ஸில் அடியில் இருந்தது தார் என்பதால் மண்ணுக்குப் பதில் பெயின்ட். தாரின் கறுப்பு ஏற்கெனவே இருக்கிறது, வெளிச்சத்தைத்தான் ஏற்ற வேண்டும். பெயரும் அதுதானே.

இந்த மக்களைக் குறிக்க லத்தீனோ, ஹிஸ்பானிக், லத்தீனெக்ஸ் என்று மூன்று சொல் வருகிறதே?

ஹிஸ்பானிக் என்றால் ஸ்பானிய மொழி வழி வந்தவர். லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்க நிலத்து வழி வந்தவர். போர்ச்சுகீசியம் பேசும் பிரேசில்காரர் பின்னதில் வருவார், முன்னதில் வரமாட்டார். ஸ்பெயின்காரருக்கு அப்படியே தலைகீழ்.

லத்தீனெக்ஸ் பிற்பாடு வந்த சொல். ஸ்பானியத்தில் ஆணுக்கு 'லத்தீனோ', பெண்ணுக்கு 'லத்தீனா'. இரண்டிலும் சேராதவரையும் உள்ளடக்க, கடைசி எழுத்தை எடுத்துவிட்டு 'எக்ஸ்' போட்டார்கள். பல்கலைக்கழகங்களிலும் கலை நிறுவனங்களிலும் அதிகம் புழங்குகிறது. தெருவில் அவ்வளவு இல்லை. பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அமெரிக்க ஹிஸ்பானியர்களில் கால்வாசிப் பேர்தான் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தார்கள். தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் 3 சதவீதம். அதனால் நான் இங்கே பெரும்பாலும் லத்தீனோ என்றே எழுதுகிறேன். 'மருத்துவர்', 'செவிலியர்', 'பணியாளர்' என்று 'அர்' போட்டு எழுதும்போது தமிழ் இந்தச் சிக்கலை எப்போதோ தாண்டிவிட்டதை அங்கே யாரிடமாவது சொல்ல வேண்டும்.

எல்லா இனத்தவரும்தான் செத்தார்கள். லத்தீனோக்களுக்கு மட்டும் தனியாக எதற்கு?

உண்மை, எல்லாரும் செத்தார்கள். எல்ம்ஹர்ஸ்ட் ஆஸ்பத்திரி வரிசையில் வங்காளிகளும் நேபாளிகளும் நின்றார்கள். நாடு முழுவதும் இறந்த நர்ஸ்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் பங்கு மிகவும் அதிகம். கறுப்பின மக்களின் இழப்பும் கொடியது. இந்த ஓவியம் அவற்றை மறுக்கவில்லை.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் நியூயார்க் நகரம் முதன்முதலாக இனவாரிக் கணக்கை வெளியிட்டபோது, மக்கள்தொகையில் 29 சதவீதம் இருந்த லத்தீனோக்கள் கோவிட் சாவுகளில் 34 சதவீதம். காரணம் உடம்பில் இல்லை, பிழைப்பில் இருக்கிறது. சமையல், துப்புரவு, கட்டுமானம், முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளை வீட்டிலிருந்து செய்ய முடியாது. நெரிசலான வாடகை வீட்டில் ஒருவருக்கு வந்தால் தனியாகப் படுக்க அறை இல்லை. காப்பீடு இல்லாதவர் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இதே கதையை நாட்டின் மறுகோடியிலும் பார்த்தார்கள். ஏப்ரல் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் சுமார் 3,000 பேரைச் சோதித்தார்கள். சோதனைக்கு வந்தவர்களில் லத்தீனோக்கள் பாதிகூட இல்லை. தொற்று இருந்தவர்களில் சுமார் 95 சதவீதம் அவர்கள்தான். தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி இல்லை.

டாக்டர் விஷயத்துக்கு வந்தால், கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. அமெரிக்க மக்கள்தொகையில் லத்தீனோக்கள் 18 சதவீதத்துக்கு மேல். பணியில் இருந்த டாக்டர்களில் 2018 கணக்குப்படி 6 சதவீதம்கூட இல்லை. தாய்மொழியில் 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்கக்கூடிய டாக்டர் ஒருவர் போனால், அந்தப் பேட்டையில் அவர் இடத்துக்கு இன்னொருவர் வரிசையில் நிற்பதில்லை. டெக்கோவின் முகத்தை எட்டு கிரவுண்டுக்கு வரைந்ததற்கு அது ஒரு காரணம் போதும்.

டாக்டர் முகத்தை வரைந்தார்கள். ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளர் முகத்தை ஏன் வரையவில்லை?

இதுதான் இந்த ஓவியத்தின் மேல் எனக்கிருக்கிற ஒரே மனக்குறை. கெய்சர் ஹெல்த் நியூஸும் கார்டியன் பத்திரிகையும் சேர்ந்து, முதல் ஒரு வருஷத்தில் இறந்த அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்களைக் கணக்கெடுத்தன. 3,600க்கு மேல். அதில் டாக்டர்களைவிட நர்ஸ்களும் உதவிப் பணியாளர்களும் முதியோர் இல்ல ஊழியர்களும்தான் மிக அதிகம். பாதிக்கு மேற்பட்டவர்கள் 60 வயதுக்கு உட்பட்டவர்கள். லத்தீனோக்கள் பெருவாரியாக இருக்கிற வேலைகளும் இவைதான்: வீட்டுக்கே போய் முதியவரைக் குளிப்பாட்டுகிறவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், வார்டு கழுவுகிறவர், நோயாளி சொல்வதை டாக்டருக்கு மொழிபெயர்க்கிறவர்.

ஓவியத்தை வரையச் சொன்னது டாக்டர்களின் அமைப்பு, அவர்கள் இழந்தது ஒரு டாக்டரை. அவர்கள் தேர்வு புரிகிறது. முகக்கவசம் போட்ட முகத்தில் பதவி தெரியாது என்பதும் உண்மை. ஆனாலும் மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு 'டாக்டர்' என்று சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார்கள்.

இறந்தவரை இப்படிப் பொது இடத்தில் வரைவது லத்தீனோக்கள் வழக்கமா?

வழக்கம்தான், அதுவும் பல கிளைகளாக வந்த வழக்கம். மெக்சிகோவில் புரட்சிக்குப் பிறகு, 1920களில் அரசே ஓவியர்களைக் கூப்பிட்டுப் பொதுக் கட்டடச் சுவர்களைக் கொடுத்தது. எழுத்தறியாத மக்களுக்கு வரலாறு சுவரில் இருக்க வேண்டும் என்பது எண்ணம். ஆஸ்பத்திரிச் சுவரையும் அவர்கள் விடவில்லை. மெக்சிகோ நகரின் லா ராசா மருத்துவமனையில் டியேகோ ரிவேரா 1953இல் முடித்த பெரிய ஓவியம் மெக்சிகோ மருத்துவத்தின் வரலாறு. ஒரு பக்கம் பழங்குடி வைத்தியம், ஒரு பக்கம் நவீன மருத்துவம். அதன் தலைப்பிலேயே 'நல்ல சுகாதாரம் கேட்கும் மக்கள்' வருகிறார்கள். கேட்கிற மக்கள், கையேந்துகிற மக்கள் இல்லை.

நியூயார்க்குக்கு வந்தால், 1980களிலும் 90களிலும் பிராங்க்ஸ், லோயர் ஈஸ்ட் சைடு தெருக்களில் போர்ட்டோ ரிக்கோ வழி வந்த இளைஞர்கள் நினைவுச் சுவர்கள் வரைந்தார்கள். துப்பாக்கிச் சூட்டிலும் போதையிலும் எய்ட்ஸிலும் போன பையன்களின் முகம், பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. பிராங்க்ஸின் டாட்ஸ் குரூ குழு அதில் பேர்போனது. பெரிய மனிதருக்குச் சிலை வைக்கிற நகரத்தில் தெருப் பையனுக்குச் சுவர். சாவுக்கு அழ இடம் வேண்டுமே.

அப்புறம் வீட்டுக்குள் இருக்கிற வழக்கம். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ வீடுகளில் இறந்தவர் படத்தை வைத்து, அவருக்குப் பிடித்த சாப்பாடு, ரொட்டி, மெழுகுவர்த்தி, வாசனைப் புகை எல்லாம் படைப்பார்கள். தூவுவது செம்மஞ்சள் நிறப் பூ. நாம் துலுக்கச் சாமந்தி என்கிறோமே, ஆயுத பூஜைக்கு வண்டியில் கட்டுவது, அதேதான். பெயரைப் பார்த்து எங்கிருந்தோ வந்தது என்று ஊகித்தோம், சரியாக எங்கிருந்து என்று ஊகிக்கவில்லை; அது மெக்சிகோவின் சொந்தப் பூ. படையலில் படத்தை வைத்து, 'வந்து சாப்பிடு' என்று கூப்பிடுகிற வீட்டைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி வேண்டாம்.

படம் வரைந்தால் பசி தீருமா? இதெல்லாம் கைதட்டல் மாதிரிதானே?

நியூயார்க்கில் தினம் மாலை 7 மணிக்கு ஜன்னலில் நின்று கைதட்டினார்கள், பாத்திரம் தட்டினார்கள். அதைக் கேட்டுக் கண்கலங்கிய நர்ஸ்களும் உண்டு, 'கையுறை கொடுங்கள், கைதட்டல் போதும்' என்று எரிச்சல்பட்டவர்களும் உண்டு. இரண்டு பேரும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

சட்டம் என்ன செய்தது என்று பார்த்தால் எரிச்சல் நியாயமாகத் தெரியும். 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு ஆளுக்கு 1,200 டாலர் நிவாரணம் அறிவித்தது. குடியேற்ற ஆவணமில்லாதவருக்குக் கிடையாது. அது மட்டுமில்லை, கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டுகிற குடும்பத்தில் ஒருவருக்கு சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால், குடிமகளான மனைவிக்கும் கிடையாது. அந்த விதியை டிசம்பரில்தான் திருத்தினார்கள். சிறு வயதில் பெற்றோரோடு வந்து, 'டாக்கா' என்ற தற்காலிக அனுமதியில் வாழ்கிறவர்களில் சுமார் 29,000 பேர் சுகாதாரத் துறையில் வேலை செய்வதாக ஒரு மதிப்பீடு. அவர்கள் வார்டில் நின்றுகொண்டிருந்தபோதே, அந்த அனுமதியையே அரசு ரத்து செய்யலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 2020 ஜூன் 18 அன்று, 5க்கு 4 என்ற கணக்கில் தப்பினார்கள்.

நகரம் 'நாம் வெளிச்சம்' என்று வாசித்துக் கைதட்டியது. சம்பளப் பட்டியல் எழுதுகிறபோது 'நாம்' சுருங்கிவிட்டது.

ஆனால் இந்த ஓவியத்தைக் கைதட்டலோடு ஒரே மூட்டையில் கட்ட எனக்கு மனமில்லை. அதன் பின்னால் இருந்தவர்கள் படத்தோடு நிற்கவில்லை. அருங்காட்சியகம் ஜூன் மாதம் முதல் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து உணவுப் பொருள் விநியோக மையம் நடத்தியது. ஓவியக்கூடம் கதவைத் திறந்தது அரிசிக்கும் பருப்புக்கும் காய்கறிக்கும். மேக் தி ரோடு அமைப்பும் மற்ற அமைப்புகளும் ஒரு வருஷம் போராடின. 2021 வசந்தத்தில் சிலர் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஏப்ரலில் நியூயார்க் மாநிலம், நிவாரணத்திலிருந்து விடுபட்ட தொழிலாளர்களுக்காக 210 கோடி டாலர் நிதி ஒதுக்கியது. ஆவணமில்லாதவருக்கும் 15,600 டாலர் வரை கிடைத்தது. அக்டோபருக்குள் பணம் தீர்ந்துவிட்டது, விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் நிறைய. ஓவியத்தால் அந்தப் பணம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஆட்கள் இரண்டையும் செய்தார்கள், அவ்வளவுதான்.

அரசாங்கம் நிரந்தரச் சின்னம் எதுவும் வைக்கவில்லையா?

முயன்றது. 2021 ஜூனில் நியூயார்க் ஆளுநர், மன்ஹாட்டன் பேட்டரி பார்க் சிட்டியில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு நினைவிடம் அறிவித்தார். 19 வகைத் தொழிலாளர்களுக்கு 19 மேப்பிள் மரங்கள், நடுவில் அணையா விளக்கு. சில வாரங்களுக்குள் கட்டி முடிப்பதாகத் திட்டம். புல்வெளி போகிறது, எங்களைக் கேட்கவே இல்லை என்று அப்பகுதிவாசிகள் எந்திரங்களின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வேலையை நிறுத்தி வைத்தார்கள்.

அணையா விளக்கு ஏற்றுவதற்கு முன்பே அணைந்தது. அழியப்போகிற பெயின்ட் அதற்கு ஒரு வருஷம் முன்பே தன் வேலையை முடித்திருந்தது.

இப்போது போனால் பார்க்கலாமா?

முடியாது. நிரந்தரமாக இருக்க வரைந்ததல்ல. அது இப்போது மறுபடியும் கார் நிறுத்துகிற இடம்.

ஆனால் நியூயார்க் போகிறவர்கள் ஒரு நாள் அந்தப் பக்கம் செலவழிக்கலாம். 7ஆம் நம்பர் ரயிலில் ஏறுங்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு மேலே, கடைகளின் மொட்டை மாடி உயரத்தில் ஓடும். கீழே இறங்கினால் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிற அம்மாக்கள், பணம் அனுப்புகிற கடைகள், ஸ்பானியப் பெயர்ப் பலகைகள். 111ஆவது தெரு நிலையத்தில் இறங்கி நடந்தால் பூங்கா. 1964 கண்காட்சிக்காகச் செய்த பிரம்மாண்ட எஃகு உலக உருண்டை நிற்கும், அதன் பக்கத்தில் அருங்காட்சியகம். உள்ளே நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளையும் கட்டடம் கட்டடமாகச் செய்து வைத்த மாதிரி நகரம் இருக்கிறது. அதைச் சுற்றி உயரத்தில் நடந்தபடி, விமானத்திலிருந்து பார்க்கிற மாதிரி பார்க்கலாம். அதில் கொரோனாவைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

பசித்தால் அதே ரயிலில் கடைசி நிலையமான ஃப்ளஷிங் வரை போங்கள். பவுன் தெருவில் 1977இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் அடித்தளக் கேன்டீனில் தோசை நன்றாக இருக்கும்.